ஏ தேவி!

நேற்று சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் சாப்பாட்டுக் கடை ஒன்றைத் தாண்டும்போது, வாழையிலையில் சூடான சாம்பார் விழும் வாசம் வந்தது. பசி வரவேண்டிய நேரத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் வந்தது, பாருங்கள். சுவா ஊர்ப் பக்கம் நாங்கள் வளர்ந்த எஸ்டேட் தோட்டத்துக் கோயில் திருவிழா நினைவுக்கு வந்துவிட்டது. கூடவே என் சின்னம்மா மகள் தேவியும்.

தோட்டத்தை விட்டு எல்லாரும் பாரோய்க்கும் சிரம்பானுக்கும் வந்துவிட்டாலும், திருவிழாவுக்கு மட்டும் ஒருவர் விடாமல் போய்விடுவோம். அன்னதானப் பந்தலில் ஆளுக்கொரு கைப்பேசியோடு என்னைத் தேடி வருவார்கள். நான் அப்போது இணையப் பாதுகாப்புப் பொறியாளர். வங்கிக் கணினிக்குள் திருடன் நுழையாமல் பார்ப்பது என் வேலை. "தம்பி, இந்த மெசேஜ் உண்மையா? தொட்டா காசு போயிருமா?" அலுத்துக்கொள்வது போல முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் மாப்பிள்ளை மிடுக்குதான்.

பிறகு தயாரிப்பு மேலாளர் ஆனேன். அடுத்தவன் செய்ததில் ஓட்டை தேடியே அலுத்துப்போயிருந்தது. நாமே ஒன்றை உருவாக்கினால் என்ன என்று ஆசை. மக்களுக்கு என்ன தேவை, வங்கிச் செயலியில் அடுத்து என்ன வரவேண்டும் என்று முடிவெடுக்கும் வேலை. என் பழைய நாற்காலிக்குத் தேவி வந்தாள். சிபாரிசு செய்தது நான்தான், வேறு யார்!

அந்த வருஷத் திருவிழாவில், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற மாமா விசாரித்தார்.

"அப்ப இப்ப நீ எதப் பூட்டுவ?"

"பூட்டறதில்ல மாமா. என்ன செய்யணும்னு சொல்லுவேன், மத்தவங்க செய்வாங்க."

"அட, நம்ம மண்டோர் வேலை லா!"

பந்தலே சிரித்தது. சிரித்த கையோடு மாமா தன் கைப்பேசியைத் தேவியிடம் நீட்டினார். அவளும் அச்சு அசல் என் குரலில், "தொடாதீங்க மாமா, அழிச்சிருங்க" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டிக்காரி, நல்ல பிள்ளை, அண்ணன் என்றால் உயிர். அதற்காகப் பொறாமை குறையவா செய்யும்?

போன திருவிழாவில் அம்மாவுக்கே ஒரு மெசேஜ். ஏதோ பார்சல் காத்திருக்கிறதாம், உடனே அதிலுள்ள இணைப்பைத் தொட வேண்டுமாம். அம்மா பதறிவிட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் கையை நீட்டினேன்.

"குடும்மா, பாக்கறேன்."

"நீ இருய்யா. ஒனக்கு அதெல்லாம் மறந்திருக்கும்... ஏ தேவி! இங்க வாம்மா!"

அந்தப் பந்தலில் இப்போது என்னை யாரும் பாதிச் சாப்பாட்டில் எழுப்புவதில்லை. பாயசம் வரை நிதானமாக, தனியாகச் சாப்பிட்டு முடிக்கிறேன்.