பெரட்டுத் தாளத்தில் எடுத்த படம்

பிள்ளைகளின் தாடையைத் தொட்டு வெளிச்சத்தின் பக்கம் திருப்புவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. தோளை நிமிர்த்துவேன். மடியில் சுருண்டு கிடக்கும் கையை எடுத்துக் கதிரையின் கைமேல் வைப்பேன். பெரியவர்களின் தலைக்குப் பின்னால் இரும்புப் பிடி ஒன்றை முட்டுக் கொடுப்பேன். படத்தில் அது தெரியாது. கண்டியில், வாவியிலிருந்து மேலே ஏறும் தெருவில், பாதிக் கூரை கண்ணாடியாலான ஒரு மாடியில் எங்கள் படக்கடை இருக்கிறது. முதலாளி பறங்கியர். தமிழில் "வாங்க, இருங்க, அசையாதீங்க" என்பதோடு நின்றுவிடுவார். மிச்சத்தை நான் பேச வேண்டும்.

கோப்பி விளைந்து காசு வந்த பிறகு தமிழ்க் குடும்பங்களும் படம் எடுத்துக்கொள்ள வரத் தொடங்கியிருந்தன. அவர்களுக்கு விறைத்து நிற்கும் படம் வேண்டாம், புதுமாதிரி வேண்டும். அதற்கென்றே முதலாளி சீமைத் தோட்டம் ஒன்றைப் பின்திரைத் துணியில் வரைந்து வாங்கி வைத்திருந்தார். சக்கரம் வைத்த மரப் படகும் கம்பியில்லாத பிடில் ஒன்றும் இருந்தன. மூத்த மகள் பிடிலைத் தோளில் வைத்துக்கொள்வாள், இளையவன் படகில் ஏறிக்கொள்வான், தாய் தகப்பன் கதிரையில் இருப்பார்கள். மருந்து பூசிய கண்ணாடி ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்துவிட வேண்டும். கமராவின் மூடியைக் கழற்றி மாட்டும்வரை யாரும் அசையக்கூடாது. பிள்ளைகளுக்கு அது பெரிய தண்டனை. தலைக்கு முட்டுக் கொடுத்தால் அழுவார்கள். அதனால் சாவி கொடுத்தால் பாடும் பெட்டி ஒன்றையும் முதலாளி சீமையிலிருந்து தருவித்திருந்தார்.

இந்த வேலையில் எனக்கு ஒரு பயம் உண்டு. என் தகப்பனார் தெல்தெனியவுக்கு அப்பால் ஒரு கோப்பித் தோட்டத்தில் தப்படிக்கிறவர். விடியுமுன் அவர் அடிக்கும் தாளத்துக்குத்தான் லயத்து வரிசை வீடுகளில் சனங்கள் எழுந்து, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். சின்ன வயதிலேயே பாதிரிமார் என்னைக் கண்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். கோட்டும் இங்கிலீசும் இருந்ததால் டவுனில் யாரும் என் பிறப்பைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தெரிந்துவிட்டால் ஒரு தமிழ்க் குடும்பமும் தன் பிள்ளையைத் தொட என்னை விடாது. தொடாமல் அந்தக் கடையில் எனக்கு வேலை இல்லை.

ஒரு நாள் மத்தியானம் படியேறி வந்தவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி.

தலைப்பாகையில் ஜரிகை. பின்னால் மனைவி, பிடில் பிடிக்கும் வயதில் ஒரு மகள், இடுப்பில் ஒரு பையன். சின்ன வயதிலேயே தோட்டத்தை விட்டு வந்தவன் நான். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"தம்பி எந்தூரு? நல்லாப் பேசுறீங்களே" என்றார்.

"இங்கதான் டவுன்லங்க."

"படிச்ச புள்ளன்னா தனிதான். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, வாழைப்பழத்தத் தவிர ஒண்ணும் தெரியாது." பையனின் வயிற்றில் செல்லமாகக் குத்தினார். "பாத்து எடுக்கச் சொல்லுங்க தொரைய. எனக்கு வயிறு தெரியக்கூடாது."

"இல்லாத மாதிரி எடுக்க தொரையால ஆகாது" என்றாள் மனைவி. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் எல்லோரையும் உட்கார வைத்தேன். மகளின் முழங்கையை உயர்த்தினேன். பையனைத் தூக்கிப் படகில் வைத்துத் தாடையைத் திருப்பினேன். என் விரல்கள் எப்போதும் மருந்து பட்டுக் கறுத்திருக்கும். "இது படிச்ச கறுப்பு" என்றுகூடக் கங்காணி வேடிக்கை பேசினார்.

பாடும் பெட்டியைத் திறந்ததும் பையன் வீறிட்டான். முதல் கண்ணாடி வீண். இரண்டாவதில் அவனுக்கு இரண்டு முகம். ஹந்தானை மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி மூன்றாவது கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, ஏதாவது செய் என்று இங்கிலீசில் உறுமினார். நான் கமராவுக்குப் பக்கத்தில் இருந்த காலிப் பெட்டியில் விரலால் தட்டினேன். குதிரை ஓடுவது போலத் தட்டினேன், மழை போலத் தட்டினேன். பையன் அழுகையை நிறுத்தவில்லை. அப்புறம் விரல்கள் தமக்குத் தெரிந்ததற்கே போய்விட்டன.

அது அப்பாவின் பெரட்டுத் தாளம். எல்லாத் தோட்டத்திலும் தப்படிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர் மட்டும் ஓட்டத்தின் நடுவில் ஓர் அடியை அடிக்காமல் விடுவார். லயத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று அந்த இடைவெளியில் காது கொடுப்பார். பிறகுதான் மறுபடி பிடிப்பார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் கண் விழித்த பையன் அழுகையை நிறுத்தினான். நான் அடியை விட்டேன். அடுத்தது எப்போது விழும் என்று வாயைத் திறந்தபடி அவன் காத்திருந்தான். முதலாளி மூடியைக் கழற்றினார். நான் கையை உயர்த்தியபடியே வைத்திருந்தேன். மூடி மாட்டியதும் தட்டினேன். பையன் கலகலவென்று சிரித்தான்.

கங்காணி சிரிக்கவில்லை.

"யார்டா நீ?" என்றார்.

அதுவரை தம்பியாக இருந்தேன். நான் எழுந்து நின்றேன்.

"அந்த எடத்துல விட்டுப் பிடிக்கிறவன் ஒருத்தன்தான். எங்க தோட்டத்துல இருக்கான். அவனுக்கு நீ என்ன வேணும்?"

"மகன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் மனைவி பையனைப் படகிலிருந்து வெடுக்கென்று தூக்கி, முந்தானையால் அவன் தாடையைத் துடைத்தாள். "தொட்டுத் தொட்டுல்ல ஒக்கார வச்சான்" என்று கணவரிடம் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருட்டறைக்குப் போய்க் கண்ணாடியைக் கழுவிக்கொண்டு வந்த முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சொல்கிறார்? படம் அருமையாக வந்திருக்கிறதே?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"சொல்லு. யாரு என் புள்ளைகளத் தொட்டதுன்னு தொரைகிட்ட நீயே சொல்லு" என்றார் கங்காணி.

கங்காணிக்கு இங்கிலீசு தெரியாது. முதலாளிக்குத் தமிழ் தெரியாது. நான் எதைச் சொல்லியிருந்தாலும் நடந்திருக்கும். வெளிச்சம் போதவில்லை என்று கோபப்படுகிறார் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் கங்காணியின் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் அப்பாவை மறைத்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. என் தகப்பனார் அவருடைய தோட்டத்தில் தப்படிக்கிறவர், அதனால் நான் அவருடைய பிள்ளைகளைத் தொட்டிருக்கக்கூடாது என்கிறார் என்று அப்படியே சொன்னேன்.

முதலாளி கண்ணாடியின் ஈரத்தை உதறினார். "ஓகோ, அதனால்தான் அவ்வளவு நன்றாகத் தட்டினாயா?"

"என்னா சொல்றாரு?"

"நல்லாத் தட்டுனேன்னு சொல்றாருங்க."

பிடிலோடு நின்ற மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "சிரிக்காத பாப்பா" என்று கங்காணி அதட்டினார். அவருக்கும் படம் வேண்டும். காகிதத்தில் எடுத்து அட்டையில் ஒட்டுவது இவன் கையால் கூடாது என்று கடைசியில் நிபந்தனை போட்டார். அதையும் நானே இங்கிலீசில் சொன்னேன். முதலாளி தலையாட்டி ஒப்புக்கொண்டார். மறுநாள் அந்த வேலையை என்னிடமே கொடுத்தார். செய்ய வேறு ஆள் ஏது?

ஒரு வாரத்துக்குள் டவுன் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சாப்பிடும் கடையில் என் இலையைப் பின்வாசலில் போட்டார்கள். முதலாளி கோபிக்கவில்லை, துரத்தவுமில்லை. "எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் குடும்பங்கள் வர வேண்டுமே" என்றார். தொட்டு உட்கார வைக்கத் தன் மருமகனைக் கூட்டிவந்தார். எனக்கு இருட்டறை வாசலில் ஒரு கறுப்புத் திரை. அதற்குப் பின்னால் இருந்து நான் தட்ட வேண்டும். ஆளைக் காட்டாமல் தாளம் மட்டும் வரலாம்.

தட்டினேன். தோட்டத்தையே காணாத பிள்ளைகளும் அந்த விடுபட்ட அடிக்குக் காத்திருந்தார்கள். பிள்ளைகள் அசையாத கடை என்று பேர் பரவியது. கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் அம்பிட்டியவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. திரைக்கு வெளியே பேச்சுக் கேட்கும்.

"உள்ள யாரு தட்டுறது?"

"எலி" என்பான் மருமகன், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில்.

"எலி தாளம் போடுமா?"

"கண்டி எலி போடும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் உயர்த்திய கையோடு கண்ணாடி மருந்தின் ஈதர் வாடையில் நின்றுகொண்டிருப்பேன். அப்பாவுக்கு விடியற்காலையில் மலை முழுக்கக் கேட்கும் தாளம் இது. அவர் எதற்குப் பின்னாலும் நின்று அடித்ததில்லை. என்னைப் படிக்க அனுப்பியது இதற்கா என்று நினைக்கும்போது தாளம் தப்பும்.

அத்தோடு இன்னொரு கோளாறும் வந்தது. சத்தம் பக்கத்திலிருந்து வந்ததால் பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள். தாய் தகப்பன் நேரே பார்க்க, பிள்ளைகள் மட்டும் இருட்டறையைப் பார்க்கும் படங்கள் சேர்ந்துகொண்டே போயின. திரையைக் கமராவுக்குப் பின்னால் மாற்றலாம் என்று முதலாளி யோசித்தார். அங்கே தொங்கவிட்டால் வெளிச்சம் மறையும்.

துணிக்கடைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்த அன்றுதான் அது முற்றியது. கங்காணி கம்பளி வாங்குவது அவரிடம்தான். அதனால் நான் யார் மகன் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய சின்னப் பையன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. இரண்டு கண்ணாடி போயிற்று. மூன்றாவதை மாட்டியபின் முதலாளி திரைக்குள் தலையை நீட்டி, இன்னும் மெல்லத் தட்டு என்றார்.

"மாட்டேன் ஐயா. கமராவுக்குப் பக்கத்தில் நின்று தட்டுகிறேன். இல்லையென்றால் தட்டவில்லை."

"கண்ணாடி காய்கிறது."

"தெரியும்."

அவர் என்னையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு திரையை ஒதுக்கிவிட்டார்.

நான் வெளிச்சத்துக்கு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். துணிக்கடைக்காரர் எழப் பார்த்தார். "ஏங்க, இருங்க. புள்ள இப்பத்தான் நேரா பாக்குறான்" என்று மனைவி மெல்லச் சொன்னாள். ஆனால் நான் கையை உயர்த்தியதும் அவள் உடம்பு சுருங்கியது. இடது கையைப் பையனின் மார்புக்குக் குறுக்கே போட்டு அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் எட்டித் தொட்டுவிடுவேன் என்று பயந்தாள். அந்தப் பயத்தில் அப்படியே உறைந்தாள். நான் அடியை விட்டேன். முதலாளி மூடியைக் கழற்றி மாட்டினார்.

இருட்டறையிலிருந்து முதலாளி கூவிக்கொண்டு வந்தார். கண்ணாடியைக் கூரைக்கு நேரே பிடித்துக் காட்டினார். பையன் என்னை நேராகப் பார்க்கிறான். தாயின் கை அவனை இறுக்கி அணைத்திருக்கிறது. "பார், தாயன்பு! நான் சொல்லி இப்படி யார் உட்கார்வார்கள்?" என்றார். துணிக்கடைக்காரருக்கும் படம் பிடித்துப்போயிற்று. ஒரு பிரதியை எங்கள் கடை வாசலில் மாட்டிக்கொள்ளவும் சம்மதித்தார். போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பெண்கள் "எப்படி அணைச்சிருக்கா பாரேன்" என்கிறார்கள்.

அதற்குப் பிறகு திரை இல்லை. நான் கமராவுக்குப் பக்கத்திலேயே நின்று தட்டுகிறேன். வரும் தாய்மாரெல்லாம் வாசலில் மாட்டிய படம் போலவே வேண்டும் என்கிறார்கள். தொட்டு உட்கார வைப்பது இன்றும் மருமகன்தான். அவனுக்கு அதைத் தமிழில் விளக்க வராது. முதலாளி என் பக்கம் திரும்பி, சொல் என்கிறார்.

"அம்மா, கையப் புள்ளைக்குக் குறுக்கே போடுங்க" என்கிறேன். "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க. ஆங், அப்படித்தான்."

பிறகு பெட்டியில் தட்டத் தொடங்குகிறேன்.