சிவப்பு அடித்த பதினொரு மரங்கள்

மஞ்சக்கை என்று கூப்பிட்டால்தான் அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அறக்கட்டளையின் மழைக்காட்டைச் சுற்றி நடந்து, எல்லை மரங்களுக்கு மஞ்சள் பெயிண்டில் வளையம் போடுவது அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஒன்பது கிலோமீட்டர், நானூற்றுப் பன்னிரண்டு மரம். காட்டை முந்நூறு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டையும், வெட்டுப்படாமல் இருக்கவேண்டும் என்று, எங்கோ ஒரு ஊரில் ஒருவர் நன்கொடை கொடுத்து ஏற்றிருந்தார். அவர்களில் காட்டைக் கண்ணால் கண்டவர் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை அவரவர் துண்டில் நிற்கும் மரம் ஒன்றைப் படமெடுத்து அனுப்புவதும் மஞ்சக்கையின் பொறுப்புதான்.

ஐம்பத்தெட்டு வயதில் இடது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போன புதன்கிழமை கிழக்கு மூலையில் மஞ்சள் டப்பா காலியாகிவிட்டது. கிடங்குக்குப் போய்த் திரும்ப நான்கு மணி நேரம். பையில், துண்டு எண் எழுதுகிற சிவப்பு பெயிண்ட் கொஞ்சம் இருந்தது. எந்த நிறமானால் என்ன, வளையம் வளையம்தானே என்று மிச்சமிருந்த பதினொரு மரத்துக்கும் அதையே அடித்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வீடு வந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். பக்கத்துக் காட்டைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர்களிடம் மரம்வெட்டு மேஸ்திரியாகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"என்ன மச்சான், உங்க ட்ரஸ்ட் திடீர்னு தாராளமாயிடுச்சு? எல்லையில பதினொரு மரத்தை எங்களுக்கே விட்டுட்டீங்க!"

"எந்த மரம்?"

"கிழக்கு மூலையில, சிவப்பு வளையம் போட்டது. எங்களுக்குச் சிவப்புன்னா வெட்டு."

மஞ்சக்கை தட்டிலிருந்து கையை எடுத்தார். "டேய், அதை அடிச்சது நான்டா."

"நீங்களா? மஞ்சளைத் தவிர வேற நிறமே தெரியாத மனுஷனாச்சே!" என்று சிரித்தவன், யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து அடங்கினான். "காலையில மூணு சாச்சாச்சு மச்சான். மிச்சம் ரெண்டு மணிக்கு மேல."

மணி ஒன்று பத்து.

"ஃபோன் போட்டு நிறுத்தச் சொல்லுடா" என்றாள் அக்கா.

"அங்க டவர் இல்லக்கா."

"அப்ப எந்திரி, வண்டிய எடு. வெட்டிட்டு வந்து என் வீட்டுலயே மூக்குப் பிடிக்கத் திங்கிறான்!"

வண்டி போகாத கடைசி ஏற்றத்தை மஞ்சக்கை மச்சினனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நான்காவது மரத்தடியில் ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கத்தினான், நிறுத்தினார்கள். எட்டு மரத்திலும் சிவப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க ஐந்து மணியானது.

மறுநாள் அலுவலகத்தில் போய் நடந்ததைச் சொன்னார். விழுந்த மூன்றில் ஒன்று இருநூற்றுப் பதினான்காம் துண்டில் நின்றது. ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர், இறந்துபோன மனைவியின் நினைவாக ஏற்ற துண்டு. ஆறு வருடமாக அவருக்குப் போனது அந்த மரத்தின் படம்தான்.

"பக்கத்து மரத்தை எடுத்து அனுப்பிடுங்கண்ணே" என்றாள் பதிவேடு பார்க்கும் பெண். "அவருக்கு என்ன தெரியப்போவுது?"

"தெரியாதும்மா. அதான் முடியல."

"வேலை போயிடும்ணே."

"போனா போவுது. உக்காந்து இருப்பேன்."

வெட்டுப்பட்ட அந்த மரத்தின் அடிக்கட்டையைப் பிடித்த படத்தை மேசைமேல் வைத்தார். பின்பக்கம் எழுதியிருந்தார்: சுற்றளவு இரண்டு மீட்டர் பத்து. திங்கட்கிழமை காலை வெட்டப்பட்டது. தவறான நிறம் அடித்தவன் நான். துண்டில் மற்ற மரங்கள் நிற்கின்றன.

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கவரில் விலாசம் எழுதினாள்.

"மத்த ரெண்டு மரமும் யாரோட துண்டுல நின்னுச்சுன்னு பாரும்மா" என்றார் மஞ்சக்கை. "அவங்க விலாசத்தையும் எடு."