அவர் அடுத்த பஸ்ஸில் வருவார்

என் வீட்டுக்காரருக்கு எதற்கெடுத்தாலும் ஜெபம். பேனா மூடி தொலைந்தால் ஜெபம், செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்க ஜெபம், வாங்கி வந்த கத்தரிக்காய் சொத்தையில்லாமல் இருக்க ஜெபம். மூடி கிடைத்துவிட்டால் என்னையும் பக்கத்தில் முழங்காலில் நிறுத்தி ஸ்தோத்திரம் சொல்ல வைப்பார். பெருக்கும்போது அதைக் கண்டெடுத்து மேசைமேல் வைத்தது நான்தான் என்று சொன்னால், உன் கண்ணில் படவைத்தது யார் என்று கேட்பார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

அறுபதுகளின் கடைசி அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரர்கள் தெருவில் குடியிருந்தோம். வேதக்காரர் வீடு அங்கே எங்களுடையது ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். விடிந்ததும் அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்கும். என் அலமாரியில் டம்ளர்கள் லேசாக ஆடும். தறியில் உட்காருபவரை அண்ணன் என்பேன். பக்கத்தில் இருந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பது அவர் மனைவி. அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். நான் காய்ச்சலில் படுத்தபோதெல்லாம் அந்த வீட்டு ரசம்தான் எனக்கு.

அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஜரிகை இழை அறுந்தால் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். என் வீட்டுக்காரர் தன் ஆபீஸ் இருக்கும் செங்கல்பட்டில் ஒரு கண் டாக்டரிடம் சொல்லிவைத்து, ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் தானே கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு செய்தார். அதற்கும் ஜெபம் பண்ணினார்.

அந்தத் திங்கட்கிழமை நான் சண்டை போட்டேன். என் தங்கைக்குப் பிரசவ நேரம்; பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன பதில், "ஜெபம் பண்ணிப் பாக்கலாம்." இல்லை என்று சொல்ல மனசில்லாதவர்களுக்கு இது நல்ல வசதி. அன்றைக்கு எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாப்பாட்டு அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் உட்கார்ந்துவிட்டேன். போகலாமா கூடாதா என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள் என்றேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு அவரும் குரலை உயர்த்திவிட்டுச் சட்டை மாட்டப் பக்கத்து அறைக்குப் போனார்.

வாசலில் அண்ணன் சலவை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்து நின்றார். நேரமாகிறதே என்று தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். எங்கள் சண்டையை அவர் கேட்கிறார் என்கிற கூச்சம் எனக்கு. அவரை அந்த இடத்தை விட்டு அனுப்பினால் போதும் என்று இருந்தது.

உள்ளே இருந்தபடியே சொன்னேன்: "நீங்க முன்னால போங்கண்ணா. அவர் அடுத்த பஸ்ல வருவாரு."

அண்ணன் போனார். அந்தப் பஸ் ஏரிக்கரை வளைவில் தண்ணீருக்குள் கவிழ்ந்தது. அடுத்த பஸ்ஸில் போன என் வீட்டுக்காரர்தான் அண்ணனைக் கரையில் அடையாளம் காட்டினார். மாலையில் சேறு அப்பிய சட்டையோடு வந்து, கால்கூடக் கழுவாமல் முழங்காலில் விழுந்து, பச்சைப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் பக்கத்தில் விழுந்தேன். ஆண்டவரே, இவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தீரே, நன்றி என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறுவது கேட்டது. கேட்டுக்கொண்டேதான் நன்றி சொன்னேன். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். கர்த்தர் தன் காலைப் பிடித்து நிறுத்தினார் என்று சொன்னார். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு அடுக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மறைக்கவில்லை, கர்த்தரின் வேலைக்கு நான் ஒரு கருவி, அவ்வளவுதான் அவர் கணக்கு. நான் அண்ணனிடம் சொன்னது பக்கத்து அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த அவருக்குக் கேட்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் என்று சபையில் அறிவித்துவிட்டார். பக்கத்து வீட்டில் இன்னும் கருமாதி ஆகவில்லை, சுவர் ஒன்றுதானே என்றேன். அவருக்கும் அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் உயிரைத் திரும்ப வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்.

இருபது பேர் வந்தார்கள். மெதுவாகப் பாடுங்கள் என்று நான் சொல்லியும், பாட்டு மூன்றாம் அடியிலேயே உயர்ந்துவிட்டது. அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். தறிச் சத்தம் இல்லாததால் டம்ளர்கள் அசையாமல் இருந்தன. போதகர், அன்று காலை இந்த வீட்டுக்குள் தேவன் இறங்கி வந்து பேசினார் என்று ஜெபித்தார். இந்த வீட்டுக்குள் பேசியது நான். இரண்டு பேரிடம் பேசினேன். ஒருவரைப் போகவிடாமல் பிடித்தேன், ஒருவரைப் போகச் சொன்னேன். முதலாவது தேவனுடையது என்றால், இரண்டாவது யாருடையது?

காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா தறியோரம் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி நெய்த புடவைமேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், நான்தான் அவரை அனுப்பினேன் என்று. அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

"தெரியும்மா" என்றாள். "செவுத்துக்கு இந்தாண்ட எல்லாம் கேட்டுது. அவரு திரும்பி வந்து உக்காந்துகினாரு, சார் வந்தப்புறம் போறேன்னாரு. நான்தான், அவங்களே போவச் சொல்லிட்டாங்க, நீ கெளம்புன்னு அனுப்பிச்சேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அல்லேலூயா என்றார்கள். அக்கா அந்தத் திசையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்க சாமி உன் வாயில பூந்து சாரை நிறுத்திச்சு. செரி. எங்க வூட்டுக்காரரு வாசல்லதானே நின்னுகினு இருந்தாரு. அவருக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? நீதான் தினிக்கும் பேசறியே, கேட்டுச் சொல்லுமா."

எல்லோரும் போனபிறகு வீட்டுக்காரரிடம் சொன்னேன், வாசலில் நான் சொன்னதையும் அக்கா கேட்டதையும். "ஜெபம் பண்ணிப்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் அறிந்து அந்த வார்த்தையை அவர் முடிக்காமல் விட்டது அன்றைக்குத்தான். பிறகு, உன் தங்கையைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

அக்கா தன் தம்பியை வரவழைத்துத் தறியில் உட்காரவைத்தாள். டம்ளர்கள் மறுபடி ஆடத் தொடங்கின. அதற்குப் பிறகும் நாலு வருஷம் அங்கேயே இருந்தோம். ரசம் வந்தது, முறுக்கு போனது. நடுவில் எப்போதாவது, குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருக்கும்போது, இன்னா சொன்னாரு உங்க சாமி என்று கேட்பாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஊருக்குப் போனவரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்பாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை அக்கா என்பேன்.

மாற்றலாகிக் கிளம்பிய அன்று குதிரை வண்டிவரை வந்தாள். என் மடியில் ஒரு முழம் கனகாம்பரத்தை வைத்து, "பதில் வந்தா ஒரு கார்டு போடுமா" என்றாள்.

என் வீட்டுக்காரரும் போய்ச்சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. நான் தினமும் காலையில் முழங்காலில் நிற்கிறேன். முதலில், அவரை அன்று திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்புறம் அக்காவின் கேள்வியைக் கேட்கிறேன். கார்டு இன்னும் போடவில்லை.