குடலில் முடிந்துபோன சண்டை

என் தம்பி சாப்பிடுவதைப் பார்த்தால் அவனை நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தட்டில் போட்டதை வழித்துச் சாப்பிடுவான், ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்பான், மோரைக் குடித்துவிட்டு ஏப்பமும் விடுவான். கொஞ்ச நேரம்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடுவான். சாப்பிட்டது எதுவும் உடம்பில் தங்குவதில்லை. சட்டை மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போவதுபோல் இருக்கும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கட்டிக்கொடுத்த இடத்தில் நான் நிலைக்காததற்கு அதுதான் காரணம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. திரும்பி வந்து, வெண்ணந்தூர் பக்கம் அப்பா விட்டுப்போன முட்டைக்கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் தம்பியும்தான். அவனும் பாதி நாள் ஊரில் இருந்ததில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போடும் டிரில்லராக வடக்கே போனான் என்றால் மாதக்கணக்கில் வரமாட்டான். பெண் பார்க்கலாம் என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் வண்டி கிளம்பிவிடும். அப்புறம் எங்கள் பக்கத்துப் பையன்கள் பலருக்கு ஆனதுபோல, வயதும் தாண்டிவிட்டது.

அப்படி ஒருமுறை வடக்கே இருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை புண்ணானது, நெஞ்சிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்தது, வயிறு நிற்காமல் போனது. வண்டியில் இருந்தவர்கள் தண்ணீர் மாறியதால் வந்த சூடு என்றார்கள். அங்கிருந்த ஏதோ டாக்டர் டைபாய்டு என்றார். சீக்கிரத்திலேயே எழுந்து மறுபடி கம்ப்ரசர் பக்கம் போய் நின்றுவிட்டான். எங்கள் வீட்டில் அது பெருமையாகப் பேசப்பட்ட கதை. ஊசிகூட ஒழுங்காகப் போடாமல் காய்ச்சலை ஜெயித்த உடம்பு என்று நானே சொந்தக்காரர்களிடம் அளந்திருக்கிறேன்.

அந்தக் காய்ச்சலின் பெயர் எங்களுக்குத் தெரிய வருஷங்கள் ஆயின. எலும்பும் தோலுமாக ஊர் திரும்பியவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே 'நம்பிக்கை மையம்' என்று பலகை மாட்டிய அறையில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்க வாய் துடித்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்று காப்பியை மறுக்க ஆரம்பித்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் வருகிற நோயில்லை என்று ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். போங்கடா என்று விட்டுவிட்டேன்.

மாத்திரை தினமும் ஒன்று. அதை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை, அதற்கு நான் சாட்சி. சில மாதங்களில், ரத்தத்தில் கிருமியே தென்படவில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கிறது, ஆனால் பரிசோதனையில் அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டது, இனி அவனிடமிருந்து இன்னொருவருக்கு உடலுறவில் பரவவும் பரவாது என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அவன் நிறையச் சாப்பிட்டான். வழக்கம்போல் எதுவும் தங்கவில்லை.

கிருமி அடங்கியது. ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை. சிடி ஃபோர் என்று ஒரு அணு ரத்தத்தில் இருக்கிறது, நோயை எதிர்க்கிற பட்டாளத்துக்கு உத்தரவு போடுவது அதுதான், அதைத்தான் இந்தக் கிருமி தின்கிறது என்பதெல்லாம் இத்தனை நாளில் எனக்குப் பாடமாகிவிட்டது. மற்றவர்களுக்கு மாத்திரை ஆரம்பித்ததும் அது மெல்ல மெல்ல ஏறும். மையத்தில் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கன்னம் உப்பி வேலைக்குத் திரும்பிப் போனார்கள். நல்லா இருக்கட்டும். ஆனால் அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு மட்டும் அந்த எண் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அது ஏறினால் பிழைப்பான். ஏறாவிட்டால், வழியில் போகிற எந்தச் சின்ன நோயும் அவனைத் தூக்கிக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை.

கிருமிதான் இல்லையே, பிறகு ஏன் ஏறவில்லை என்று டாக்டரிடம் ஒருநாள் குரலை உயர்த்தியே கேட்டேன். சின்ன வயசுப் பெண். கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே கூட்டம் குறைந்ததும் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

அந்த அணுக்கள் ரத்தத்தில் ஓடுவது கொஞ்சம்தானாம். பெரும்பாலானவை குடலின் உட்சுவரில் குடியிருக்கின்றன. வாய், மூக்கு, குடல், பிறப்புறுப்பு என்று உடம்பில் ஈரமாக, மெல்லிசாக இருக்கும் இடமெல்லாம் வெளியிலிருந்து எதுவும் நுழையக்கூடிய வாசல்கள். அதனால் காவலும் அங்கேதான் அதிகம். எச்.ஐ.வி. பெரும்பாலும் உடலுறவின்போது அந்த மெல்லிய தோல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. வந்ததும் அங்கே நிற்கும் காவல் அணு ஒன்று அதைப் பிடிக்கிறது. பிடித்ததைப் பட்டாளத்திடம் காட்ட எடுத்துக்கொண்டு ஓடுகிறது. வேறு கிருமியாக இருந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. இந்தக் கிருமிக்குப் பட்டாளம்தானே தீனி. பிடித்தவனே அதைச் சாப்பாட்டுப் பந்தியில் கொண்டுபோய் உட்கார வைக்கிறான். சண்டை நடக்கிறதென்று உடம்பு மேலும் மேலும் ஆட்களை அனுப்புகிறது. அனுப்ப அனுப்ப அதற்குத் தீனி. கிருமி ஏறிய அணுக்களைக் கொல்லும் வேறொரு படையும் உண்டு. அது திரண்டு வருவதற்குள் முதல் சில வாரங்களிலேயே குடலில் இருந்த காவலில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது.

"அந்த டைபாய்டு வந்தப்பங்களா?" என்று தம்பி கேட்டான்.

அதுவாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். நாங்கள் ஜெயித்ததாகக் கொண்டாடிய காய்ச்சலில்தான் அவன் குடல் தோற்றிருக்கிறது. காவல் போன குடல் ஒழுக ஆரம்பிக்கும். குடலுக்குள்ளேயே கிடக்க வேண்டிய சில்லறைக் கிருமிகளின் கழிவு ரத்தத்தில் கசியும். அதைப் பார்த்து உடம்பு வருஷக்கணக்காக ஓயாமல் உஷாராகவே இருந்து களைத்துப்போகும். மாத்திரை கிருமியைத்தான் அடக்கும், இடிந்த சுவரைக் கட்டித் தராது. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் சுவர் ஓரளவு தேறிவிடும். தாமதமாக வந்தவர்களில் சிலருக்குத் தேறுவதில்லை.

எங்கள் பண்ணையில் குஞ்சு இறங்கியதும் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க லசோட்டா தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விடுவோம். ஊசியில் போட்டால் ரத்தத்தில்தான் எதிர்ப்பு நிற்கும், கண்ணில் விட்டால் நோய் நுழைகிற மூக்கிலும் தொண்டையிலுமே காவல் நிற்கும் என்று கால்நடை டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு என் கையால் விட்டிருக்கிறேன். அதனால் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கோளிக்குஞ்சுக்கு விடற மாதிரி மனுசனுக்கு ஒரு சொட்டு கண்டுபிடிக்கக் கூடாதுங்களா?"

முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். கிருமி தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அது போக, சொட்டு விட்டு வாசலுக்குக் காவலை வரவழைத்தால், வருகிறவர்களில் கிருமிக்குத் தீனியாகிற அணுவும் சேர்ந்தே வரும் என்று சொல்லிவிட்டுக் கையை விரித்தார். காப்பாற்ற வருகிறவனையே தின்கிற ஒன்றிடம் எந்த வைத்தியத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது?

அன்றிலிருந்து தம்பி பண்ணையில் கூடமாட வேலை செய்ய ஆரம்பித்தான். சும்மா கிடந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்றான். தீவனம் போடுவான், முட்டை பொறுக்குவான், கழிச்சல் கண்ட கோழிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியில் பவுடர் கலப்பான். நானும் மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு அதிசயம் நடந்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். மறுநாளும் அப்படியே. கன்னத்தில் லேசாகச் சதை போட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவர் கட்டிக்கொண்டுவிட்டது, டாக்டர் சொன்ன அந்தச் சிலரில் என் தம்பி இல்லை என்றே நினைத்தேன். பவுர்ணமிக்குக் குலசாமி கோயிலில் பொங்கல் வைத்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

பொங்கல் வைத்த அந்த வாரமே விழுந்தான். சளியும் ரத்தமுமாகப் போனது, காய்ச்சல் கொதித்தது, வயிறு பானையாக உப்பியது. வார்டில் படுக்க வைத்து டாக்டர் ஒவ்வொன்றாக விசாரித்தபோது அவனே சொன்னான். கோழிக்குக் கலக்குகிற கழிச்சல் பவுடரைத் தானும் தினம் ஒரு சிட்டிகை தண்ணீரில் போட்டுக் குடித்திருக்கிறான்.

"ஏஞ்சாமி இப்படிப் பண்ணுன?" என்றேன்.

"கோளிக்குக் கேக்குதேக்கா. சாயங்காலம் துவண்டு கிடக்கறது காத்தால எந்திரிச்சுத் தீனி எடுக்குது. நான் மட்டும் என்ன பாவம் பண்ணுனேன்?"

கோழிப் பண்ணை இல்லாத வீட்டில் இந்தத் தப்பு நடந்திருக்காது. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டில் தலைவலி மாத்திரை இருக்கிறதோ இல்லையோ, ஷெட்டில் கோழி மருந்து டப்பா டப்பாவாக இருக்கும். அந்தப் பவுடர் கெட்ட கிருமியோடு குடலில் இருந்த நல்ல கிருமியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது என்றார் டாக்டர். காவல் இல்லாத குடலுக்கு அந்த நல்ல கிருமிகள்தான் கொஞ்சமாவது துணையாக இருந்தனவாம். அதுவும் போனதும் அந்த இடத்தைப் பொல்லாத ஒன்று பிடித்துக்கொண்டது. சதை போட்டதெல்லாம் அந்தக் கொஞ்ச நாள் ஏமாற்று. அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிப்பதற்கு உடம்பில் இடம் இல்லை.

பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பும் முன்பு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கிருமி இப்போதும் தென்படவில்லை. சிடி ஃபோர் முன்பு இருந்ததையும்விட இறங்கியிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் இருப்பதும் போய்விடும், வேறு நோய் அண்டாமல் இருக்கத் தனியாக மாத்திரை தருகிறேன், ஆனால் எண்ணிக்கையைத் தூக்கிவிட என்னிடம் மருந்து இல்லை என்றார். யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். இன்றைக்கு யாரிடமும் இல்லை அக்கா என்றார். அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண் அன்றைக்குத்தான் என்னை அக்கா என்றது.

நாமக்கல்லில் பஸ் ஏறினோம். அவன் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். ஊர் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் கோழி ஷெட்டுகள்தான். அதைப் பார்த்துக்கொண்டே வந்தவன், திரும்பாமலே கேட்டான்.

"அக்கா, நானு ஒரு கோளியா இருந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

தேறாத கோழியை என்ன செய்வோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கூண்டைத் திறந்து வெளியே எடுத்துக் கழுத்தைத் திருகிவிடுவோம். தீவனம் வீண், மற்றதுக்கும் தொற்றும். இரண்டாவது தடவை யோசிக்க மாட்டோம். பொய் சொல்லலாமா என்று பார்த்தேன்.

"புடிச்சு வெளிய எடுத்திருப்பேன்" என்றேன். "நீ கோளி இல்லியே சாமி. அதுதான் எனக்கு ஒண்ணும் வழி தெரியல."

அவன் தலையாட்டினான். சரியான பதிலைத்தான் சொன்னாய் என்பதுபோல இருந்தது அது. கொஞ்ச தூரம் போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கண்டக்டரிடம் சொல்லி வழியிலேயே இறங்கினோம். அவன் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் போனான். நான் மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். அடுத்த பஸ் வந்தது, கை காட்டவில்லை. அதற்கடுத்ததும் வந்து போனது. அவன் இன்னும் வரவில்லை.