ஜோசப்பின் அக்காவின் ஒரு ஏக்கர்

காலைத் துடைத்துக்கொண்டுதான் ஜோசப்பின் அக்கா உள்ளே போவார். துடைக்க மிதியடி கிடையாது. படி கிடையாது, கதவு கிடையாது, சுவரும் கிடையாது. இரண்டு கீன மரங்களுக்கு நடுவே பாசி பிடித்த வேரொன்று குறுக்கே ஓடுகிறது. அந்த வேரில் பாதத்தை இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு நுழைவார். ஏன் குனிகிறீர்கள் என்று முதல் நாள் கேட்டேன். "நெல கொஞ்சம் குட்ட மாஸ்டர். நீங்க ஒசரம், பாத்து வாங்க" என்றார். நானும் குனிந்தேன். இல்லாத வாசல்நிலைக்குக் குனிந்த பைத்தியக்காரன் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர்களும் ஒரு தரம் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

உடப்புசல்லாவைக்கு மேலே, எங்கள் தோட்டத்துத் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற மடிப்பில் இருக்கிறது அந்த ஒரு ஏக்கர். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி வந்து மரத்துக்கு மரம் தொங்கும். எங்கோ ஒரு குக்குறுவான் குருவி சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். தரையில் கால் வைத்தால் சத்தமே வராது. அந்தப் பனிக்குள் நின்று அக்கா கையை நீட்டி நீட்டிக் காட்டும்போது, சுவர்கள் நிஜமாகவே பனிக்குப் பின்னால் நிற்பதாகத்தான் எனக்குப் படும்.

"இது முன்ரூம்பு. அங்கன நிக்காதீங்க, அது குசினி, அடுப்படி. அந்தப் பாற இருக்குல்ல, அதுக்கு இந்தப் பக்கம் மாதா ரூம்பு. சன்னல் கெழக்க பாத்து வச்சிருக்கு. காலம்பற வெய்யில் மாதா மொகத்துல விழும்."

மாதா அறையின் மரத்தில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. நனையாமல் இருக்கப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு தைமாதமும் கோயிலில் கிடைக்கும் புது நாட்காட்டியை, தான் குடியிருக்கும் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் மாட்டுவதில்லை, நேரே இங்கேதான் கொண்டுவருவார். குரங்குகள் ஒரு வருடம் மார்ச் மாதத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டன. "அதுகளுக்கும் தேதி தெரியணும்ல" என்று விட்டுவிட்டார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்து மூன்று. பதினாறு வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறார். காலையில் நிரையில் நின்றதும் முதலில் சிலுவை போட்டுக்கொள்வார், அப்புறம் எல்லாரோடும் சேர்ந்து "பொலியோ பொலி" என்பார். பங்குச் சாமியார் ஒரு முறை இதைக் கேட்டு முகம் சுளித்தாராம். "ஆண்டவருக்கு ஒண்ணு, செடிக்கு ஒண்ணு சாமி" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தைப் பறித்துக்கொண்டே போய்விட்டார். மாலையில் கொழுந்து நிறுத்ததும் மற்றவர்கள் லயத்துக்கு இறங்குவார்கள், இவர் மட்டும் மேலே ஏறுவார். கையில் அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம், வெற்றிலை, ஒரு துண்டு ரொட்டி. அரை மணி நேரம் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். தோட்டத்தில் அவருக்குப் பெயர் 'அரமணக்காரி', அரண்மனைக்காரி. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாதுதானே.

வலப்பனைச் சந்தைக்குப் போனால் அந்த வீட்டுக்கென்று ஏதாவது வாங்காமல் வரமாட்டார். கட்டிலடித் தகரப் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டியிருக்கிறார். பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, வெள்ளை மின்சுவிட்சு இரண்டு. "சுவிட்சு வாங்கிட்டேன் மாஸ்டர். கரண்டு மட்டுந்தான் வரணும்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

காணி வந்த கதையை அக்கா ஒரே வரியில் முடித்துவிடுவார். "எங்கப்பா செஞ்ச புடிங்குக்குத் தொர எழுதிக் குடுத்தது." அப்பா சிறில், பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். தோட்டம் கைமாறிய காலத்தில், ஊரைவிட்டுப் போன பழைய முதலாளி, தேயிலை பிடிக்காத அந்தப் பள்ளத்தைச் சிறிலின் பேருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். படுத்துறங்கும் காம்பராவே கம்பெனிக்குச் சொந்தமான எங்கள் சனத்தில், அப்பாவுக்குப் பிறகு உறுதி வைத்திருக்கிற ஒரே மனுஷி இவர்தான். அந்தக் காணியின் பின்பக்கப் பாறையிடுக்கில் ஓர் ஊற்று இருக்கிறது. அதுதான் கீழே வந்து இரண்டு லயத்துக்குக் குடிக்கவும் குளிக்கவும் பீலியாக விழுகிறது. மிச்சம் பேக்டரித் தொட்டிக்குப் போகிறது. மார்ச் மாத வெயிலில் மற்ற பீலிகள் எல்லாம் வறண்டாலும் இது விரல் தண்டிக்கு விழுந்துகொண்டே இருக்கும்.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்து அக்காவை ஒரு இனிய கனவுக்காரி என்று எழுதிவிட்டுப் போனால் நான் பொய்யன். கனவுக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தவள் அவருடைய மகள் ஷெரோமி. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அக்கா, ஷெரோமி, மருமகன் ஜூட்சன், இரண்டு பெண்பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில். ஜூட்சன் டவுனில் திரீவீல் ஓட்டுகிறவர். லயத்துக்குக் கீழே தேயிலை செத்து மொட்டையாய்க் கிடக்கிற துண்டில் ஒரு வீடு கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு, இப்போது தோட்டத்தை நடத்தும் கம்பெனித் துரைக்கு இரண்டு முறை கடிதம் கொடுத்தார். இரண்டையும் நான்தான் எழுதினேன், இரண்டுக்கும் பதில் இல்லை. மிஞ்சியது காடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடாலியோடு மாமியாரையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். எந்த மரத்தை முதலில் என்று கேட்டார். அக்கா ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தார். இது முன்ரூம்பு மரம், இது குசினி மரம், இதை வெட்டினால் மாதா எங்கே இருப்பது? சாயங்காலம் இருவரும் வெறுங்கையோடு இறங்கிவந்தார்கள். கட்டாத வீடு கட்டப்போகிற வீட்டுக்குக் குறுக்கே நின்றது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஷெரோமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். "அம்மா, ஒங்க வூட்டுல மழ பேஞ்சா நாங்க எங்கம்மா ஒதுங்குறது?" இதை என்னிடம் சொன்னபோது அக்கா வெற்றிலையை மடித்தபடியே இருந்தார், வாயில் போடவில்லை.

இந்த நிலையில்தான், இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, தோட்டத்து ஆபீஸ் சுவரில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். ஆற்று ஊற்றுகள் உள்ள தனியார் காணிக் காடுகளைப் பாதுகாக்கப் போகிறார்களாம். உறுதி உரிமையாளரிடமே இருக்கும். ஆனால் மரம் வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. உரிமையாளர் மறுத்தால் அந்தத் துண்டை விட்டுவிடுவார்கள். உரிமையாளர்களும் பொதுமக்களும் தங்கள் கருத்தை எழுதிக்கொண்டு, குறித்த நாளில் வலப்பனைக்கு வரலாம். ஜூட்சன் மறுக்கச் சொன்னார். பீலித் தண்ணீர் குடிக்கிற லயத்துச் சனம், ஷெரோமி இல்லாத நேரமாகப் பார்த்து, சம்மதிக்கச் சொன்னது. அக்கா இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தார். "ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க மாஸ்டர்."

நான் எழுதியதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. 'மேன்மைதங்கிய ஐயா அவர்களின் சமூகத்துக்கு' என்று தொடங்கி, 'ஏழையாகிய நான் என்னுடைய காணியை வைத்துக்கொள்ளத் தயவுகூர்ந்து உத்தரவு தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்' என்று முடித்தேன். அக்கா கேட்டுவிட்டு, "நல்லா பணிவா இருக்கு" என்று பாராட்டினார். கூரைத் தகரம் ஒழுகினாலும், விறகு வேண்டுமென்றாலும், சாவுக்கு லீவு வேண்டுமென்றாலும் எங்கள் தோட்டத்தில் கடிதம் இப்படித்தான் முடியும். லயத்தில் பிறந்து வாத்தியாரானவன் நான். என் கைக்கு வேறு கடிதம் எழுதத் தெரியவில்லை.

அந்த விசாரணையின் முடிவு இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. வரும்போது வரட்டும். நான் சொல்ல வந்தது அன்று அந்த மண்டபத்தில் நடந்தது மட்டும்தான்.

அக்கா கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். ஏழு மாத வயிற்றோடு ஷெரோமியும் வந்தாள். பஸ்ஸில் தாயும் மகளும் அருகருகே உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மண்டபத்தில் மரக்கறித் தோட்டக்காரச் சிங்களவர்கள் கொஞ்சப் பேர், மற்றவர்கள் எங்கள் தோட்டத்து ஆட்கள். மேசைக்குப் பின்னால் பரமலிங்கம் என்ற அதிகாரி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மலைநாட்டுக்கு வந்து ஆறு வருடமாகியும் இரண்டு சுவெட்டர் போடுகிறவர். அக்காவின் கடிதத்தை ஒரு தரம் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"அம்மா, என்னட்ட ஏன் உத்தரவு கேக்கிறியள்? காணி உங்கடதெல்லோ. நாங்களெல்லோ உங்களிட்டக் கேக்க வந்திருக்கிறம்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடாமல் தொங்கிய மின்விசிறியைப் பார்த்தேன்.

"இருங்கோ அம்மா."

"இல்லிங்க சார், நிக்கிறேன்."

"கதிரை சும்மாதானே கிடக்குது, இருங்கோவன்."

நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார். "இப்ப சொல்லுங்கோ. உங்கட விருப்பம் என்ன?"

ஐம்பத்து மூன்று வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. எந்த மலைக்குப் போக வேண்டும், எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். விருப்பத்தை யார் கேட்டார்கள்? அக்கா சுவரோரம் சாய்ந்து நின்ற மகளிடம் திரும்பினார்.

"நீ என்னடி சொல்ற?"

"என்னையக் கேக்காதீங்கம்மா" என்றாள் ஷெரோமி. "நான் வூட்டத்தான் கேப்பேன். பொறவு பீலில தண்ணி நின்னா எல்லாரும் என்னையத்தான் ஏசுவாங்க."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "கேட்டீங்களா சார்? வெட்டுனா தண்ணி நின்னுரும். வெட்டாட்டி எம் புள்ள மழையில நிக்கும். இதுல நான் எதச் சொல்ல?"

பரமலிங்கம் ஒரு புதுத் தாளை எடுத்துவைத்தார். பிறகு மெதுவாக, "ரெண்டையும் சொல்லுங்கோ அம்மா, ரெண்டையும் எழுதுவன். செய்விக்கிற அதிகாரம் எனக்கில்லை. ஆனா நீங்கள் சொன்னது ஒண்டும் விடாமல் மேல போகும்" என்றார்.

"என்ன வேணும்னாலும் சொல்லலாங்களா?"

"காணிக்காரர் நீங்கள்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியில் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். மேலே பனிக்குள் நின்று அறை அறையாகக் காட்டுவாரே, அந்தக் குரல் வந்தது. நிதானமாக, எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருப்பது போல.

"எங் காட்டுல ஒரு கொப்பு ஒடிக்க மாட்டோம். எழுதிக்கங்க. மரம் அப்பிடியே நிக்கட்டும். தண்ணி லயத்துக்கும் போகட்டும், பேக்டரிக்கும் போகட்டும். அதுக்குப் பதிலா..."

அப்போது கதவு திறந்தது. கம்பெனிக்குச் சொந்தமான காட்டைப் பற்றிச் சொல்வதற்கு எங்கள் தோட்டத்துத் துரை வந்தார். அரைக்காற்சட்டை, முழங்கால்வரை காலுறை. மண்டபம் முழுவதும் நாற்காலிகள் கிறீச்சிட்டன. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். தோளில் கிடந்த துண்டுகள் கைக்கு வந்தன. அரசாங்கச் சம்பளம் வாங்கும் நானும், யாரும் சொல்லாமலே, எழுந்து நின்றுகொண்டிருந்தேன். ஷெரோமி சுவரைவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

அக்காவும் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழுந்தார். பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். துரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அதிகாரியின் பேனா 'பதிலாக' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்றது.

பிறகு உட்கார்ந்தார்.

"அதுக்குப் பதிலா" என்று கதவுவரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார், "எங்க லயத்துக்குக் கீழ தேயில செத்துக் கெடக்குற மொட்டத் துண்டுல பத்துப் பேர்ச் நெலம், எம் மக ஷெரோமி பேருக்குக் கம்பெனி உறுதி எழுதிக் குடுக்கணும். எழுதுங்க சார்."

சொல்லிவிட்டு, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.