பின் ஸீட்டில் மூன்று பொத்தான்கள்

போன மாதம் நான் ஒரு கார் வாங்கினேன். உடனே வாயைப் பிளக்காதீர்கள் — பழைய கார்தான். எனக்கு முன்னால் ஒரு புண்ணியவான் ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டு, ஒரு தரகரிடம் தள்ளிவிட்டது.

வாங்கிய மறுநாள் துடைக்க உட்கார்ந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கத்தில் மூன்று குட்டி பல்புகள். சிவப்பு, மஞ்சள், பச்சை. அவற்றிலிருந்து ஒரு ஒயர் ரப்பர் குழாய்க்குள் நுழைந்து, ஸீட்டுக்கு அடியில் ஊர்ந்து, பின் ஸீட்டின் கைப்பிடியில் போய் ஏறுகிறது. அங்கே மூன்று பொத்தான்கள், வீட்டு வாசலில் மணி அடிக்க வைப்பார்களே, அந்த மாதிரி. ஒன்றை அழுத்தினால் முன்னால் ஒரு பல்பு எரிகிறது. விட்டால் அணைகிறது.

சரி, எரிகிறது. எரிந்து?

சூரமங்கலத்தில் ஃபிட்டர் மாணிக்கம் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு இப்போது கார்களை நோண்டுகிறவர். அவரிடம் கொண்டுபோனேன். வண்டிக்கு அடியில் தலையை விட்டு அரை மணி நேரம் பார்த்தார்.

"கம்பெனி வேலை இல்லீங்க. யாரோ உக்காந்து, ஆசையா, மாப்பிள்ளைக்குச் செய்யிற மாதிரி செஞ்சிருக்காங்க. ஒரு ஸ்க்ரூ கூட கோணல் இல்லே. ஆனா எதுக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

என் குமாஸ்தா ரங்கசாமிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. பொத்தானைப் பார்த்த உடனே முகம் வெளிறிவிட்டது.

"சார், வண்டி எந்த ஊர்லேருந்து வந்ததுன்னு சொன்னீங்க?"

"மோகனூர்."

"போச்சு!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

விஷயம் புரிகிறதா? நம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. மோகனூரில் காவிரியைத் தாண்டினால் வேறு ஜில்லா. அங்கே கடை திறந்தேயிருக்கிறது. பரிசலில் சரக்கு வருகிறது, கரையில் கார் நிற்கிறது. பின் ஸீட்டில் ஒருவன் படுத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பானாம். போலீஸ் வந்தால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள், ஆள் இல்லை என்றால் பச்சை! ரங்கசாமி சொல்லச் சொல்ல எனக்கே சாராய வாடை அடிக்கிற மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் கோர்ட் வராந்தா முழுக்க இதே பேச்சு. "என்ன சார், மஞ்சளா பச்சையா?" என்று சக வக்கீல்கள் கண் சிமிட்டினார்கள். ஜில்லாவில் எங்கே எதைக் கண்டாலும் சாராயம்தான் ஞாபகம் வருகிறது நமக்கு!

பல்பை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். மாணிக்கம் குறடோடு தயாராகவும் இருந்தார். ஆனால் அந்த ஒழுங்கான வேலையைப் பார்த்தபோது கை வரவில்லை. நாமக்கல் கோர்ட்டில் எனக்கு ஒரு வழக்கு இருந்தது. அதை முடித்துக்கொண்டு மோகனூருக்கே போய் ஆளைக் கேட்டுவிட்டால் என்ன?

இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் இந்தப் பத்தியில் என் வழுக்கை முதல் என் அஜீரணம் வரை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

எனக்குக் காது மந்தம்.

மூன்று வருஷமாக. கொஞ்சம் கொஞ்சமாக. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தால் என்ன ஆகும்? சாட்சி சொல்வது கேட்காத வக்கீலிடம் எந்தக் கட்சிக்காரன் வழக்குக் கட்டைக் கொடுப்பான்? அதனால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவேன். சிரித்துக்கொண்டே ஆட்டுவேன். பாதிப் பேச்சுக்கு அது போதும்... மீதிப் பாதிக்குப் பயம்தான்.

நாமக்கல்லுக்கு என் மனைவி கமலமும் வந்தாள். ஆஞ்சநேயருக்கு ஏதோ வேண்டுதல். எங்கள் வீட்டுப் பெண்கள் பின் ஸீட்டில்தான் உட்காருவார்கள், புருஷன் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்து போனால் ஊர் என்ன சொல்லும் என்று. அவளும் அப்படியே பின்னால் இருந்தாள்.

வழக்கு முடிந்து, ஆஞ்சநேயரையும் பார்த்துவிட்டு மோகனூர் ரோட்டில் போகிறோம். திடீரென்று வலது பக்கத்தில் ஒரு பஸ் உரசிக்கொண்டு வந்தது. மட்கார்டில் கீச்சென்று ஒரு கோடு இழுத்துவிட்டுத் தாண்டிப் போனது. டிரைவர் கையை நீட்டி ஏதோ திட்டினான். நான் வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன்.

"மடையன்! ஹாரன் அடிக்க வேண்டாமா?" என்று கத்திவிட்டுத் திரும்பினேன். "அடிச்சானா?"

கமலத்தின் முகம் வெளுத்திருந்தது. ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள்.

"இல்லீங்க. அடிக்கலை" என்றாள்.

பார்த்தீர்களா, பஸ்காரன் மேல்தான் தப்பு! நான் நிம்மதியாக ஓட்டினேன்.

மோகனூரில், வண்டியை ஒன்பது வருஷம் ஓட்டிய நாச்சிமுத்துக் கவுண்டர் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு நடுவே வீடு. காரைப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மாள் ஓடிவந்து பானெட்டைத் தடவிக்கொடுத்தார்.

"ஏனுங்க, நம்ம வண்டியாட்டம் இருக்குதுங்களே! வாங்க சாமி, வாங்க!"

கவுண்டர் கட்டிலில் இருந்து எழுந்து கும்பிட்டார். நல்ல உயரம், வெள்ளை மீசை. நான் என்ன சொன்னாலும் தன் மனைவியின் முகத்தையே பார்த்தார். அந்த அம்மாள் விரலால் ஏதோ காட்டினார். அவர் புரிந்துகொண்டு சிரித்தார்.

"அவங்களுக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்க. இடி உளுந்தாலும் தெரியாது" என்றார் அம்மாள். இதை என் எதிரே நின்று, நாலு ஊருக்குக் கேட்கிற குரலில் சொன்னார். அதனால் எனக்கும் கேட்டது.

பல்புகளைப் பற்றிக் கேட்டேன். கடத்தல் கதையையும் சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சாராயமுங்களா! அட கருமமே! காது போனதும் கார் ஓட்டாதீங்கன்னு ஊரே சொல்லுச்சுங்க. கேட்டாத்தானே! நானு முன்னால உக்காரலாம்னா எங்க மாமியாரு உட மாட்டாங்க. பின்னால இருந்து தோளைத் தட்டுனா பொம்பளை புருசனை அடிக்கறான்னு தோட்டத்து ஆளுக சிரிப்பாங்க. பேரு சொல்லிக் கூப்பிடவும் முடியாது, கூப்பிட்டாக் கேக்கவும் கேக்காது! அப்பறம் டூரிங் சினிமாக் கொட்டாயில மிசின் ஓட்டுற ஒருத்தரைப் புடிச்சு இதைச் செஞ்சாங்க. மஞ்சள்னா பின்னால வண்டி வருது, ஒதுங்கு. சிவப்புன்னா நில்லு. பச்சைன்னா போலாம். ஒம்பது வருசம் ஒரு ஆட்டுக்குட்டி மேல கூட ஏத்துனதில்லீங்க."

பிறகு ஏன் விற்றார்கள்? கவுண்டர், கேள்வியை மனைவியின் விரலில் படித்துவிட்டு, தானே பதில் சொன்னார்.

"மாலைக்கண்ணு வந்துருச்சுங்க. காதுக்கு பல்பு மாட்டுனேன். கண்ணுக்கு என்னத்தை மாட்டுறது?"

அந்த அம்மாள் உள்ளே போனார். வாசற்படியில் இருந்து திரும்பி என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. வழக்கம்போல் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, "ஆமாங்க, ஆமாங்க" என்றேன்.

கவுண்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காபிங்களா, மோருங்களான்னு கேக்கறா. அவ வாயைப் பாத்தா எனக்குத் தெரியும். நீங்க ஆமாங்கறீங்க." என் முழங்காலில் கையை வைத்தார். "சாமி, நானும் இப்படித்தான் தலையாட்டுனேன். எட்டு வருசம். இந்த ஆட்டம் எனக்குத் தெரியாதுங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. மறுக்க வாயெடுத்தேன். கமலத்தைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"பஸ்காரன் ஹாரன் அடிச்சான்" என்றாள், எனக்குக் கேட்கும்படியாக. "நாலு தடவை அடிச்சான். நானும் என்னங்க, என்னங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு பொய் சொன்னேன்."

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாலேருந்தே."

ஆஞ்சநேயரிடம் என்ன வேண்டுதல் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பஸ் இன்னும் ஒரு சாண் உள்ளே வந்திருந்தால் என் கௌரவத்துக்கு அவளையல்லவா பலி கொடுத்திருப்பேன்? இத்தனை தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் என் பின்னால் ஏறி உட்கார்ந்தாளே, இவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போகிறேன்?

மோர் வந்தது. நான்கு பேரும் குடித்தோம். அந்த அம்மாள் கமலத்தைக் காரின் பின் ஸீட்டில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "மெதுவா அழுத்தோணும் கண்ணு. பதறி அமுக்குனா அவங்க பயந்துக்குவாங்க." கிளம்பும்போது கவுண்டரிடம், அந்த அம்மாளின் விரல் வழியாக, ஒன்று மட்டும் கேட்டேன்: விற்கும்போது பல்புகளை ஏன் கழற்றவில்லை?

"நாலு பேருல ஒருத்தருக்கு வேணுமில்லீங்களா" என்றார், சாதாரணமாக. அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நன்றி என்ற வார்த்தையை அவரால் கேட்க முடியாது. ஆனாலும் சொன்னேன், நாலைந்து தடவை சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் மஞ்சள் ஏழு முறை எரிந்தது. ஏழு முறையும் ஒதுங்கினேன். லாரிகளும் பஸ்களும் சமர்த்தாகத் தாண்டிப் போயின. ஒரு லெவல் கிராஸிங்கில் கேட் திறந்தே கிடந்தது. சிவப்பு எரிந்தது. நிறுத்தினேன். எங்கே என்ன என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள், புளியமரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி வெளியே வந்து எங்கள் முன்னால் தடதடவென்று போயிற்று. தரை அதிர்ந்ததைத்தான் உணர்ந்தேன். நான் இதை எழுத உயிரோடு உட்கார்ந்திருப்பது அந்த முகம் தெரியாத சினிமாக் கொட்டகைக்காரர், அந்தக் கவுண்டர், அப்புறம் கமலத்தின் கட்டைவிரல்... இந்த மூவருடைய தயவு. கடைசிப் பெட்டியும் போன பிறகு பச்சை எரிந்தது.

இதற்குப் பிறகும் மறைப்பதில் என்ன இருக்கிறது? திங்கட்கிழமை கோர்ட்டில் எழுந்து நின்றேன். "கனம் கோர்ட்டார் மன்னிக்க வேண்டும். எனக்குக் காது மந்தம். கொஞ்சம் உரக்கப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்றேன்.

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வக்கீல் சார், ரெண்டு வருஷமாக நான் இங்கே எதற்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தீர்கள்?"

நானோ, மனுஷர் மகா முன்கோபி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்!