ஜப்பான்காரர் கேட்ட கேள்வி

பிளீச்சிங் பவுடரும் ஐஸ் தண்ணீரும் கலந்த வாடை எங்கே வந்தாலும் என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. நேற்று ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் குனிந்தது.

எழுபதுகளில், தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்த கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய கொட்டகையில், ஐஸில் கிடந்த இறாலைப் பெண்கள் வெறுங்கையால் உரிப்பார்கள். தலைமுள் குத்தும், குத்திய இடம் ஈரத்தில் புண்ணாகும், ஆறுமுன் அடுத்த முள். கையுறை கேட்டால், "போட்டா வேகம் கொறையும்லா" என்பார் முதலாளி. கெட்டவர் இல்லை. மாதா கோயில் திருவிழாவுக்குத் தெரு முழுக்க விளக்குப் போட்டவர். ஊரே தர்மவான் என்றது, நானும் சொன்னேன்.

சரக்கு வாங்கும் ஜப்பான்காரர் பார்வையிட வந்த அன்று காலை, எங்கிருந்தோ ரப்பர் கையுறைகள் வந்தன. ஆளுக்கொரு ஜோடி கொடுத்தேன்.

"ஏளா, பொண்ணு பாக்க வாராவளாம், கைய மறைச்சுக்கோ!" என்று ஒருத்தி கத்த, கொட்டகையே சிரித்தது.

ஜப்பான்காரர் ஓர் அக்காவின் முன் நின்றார். அந்த அக்காவுக்கு வலது கையில் இரண்டு விரல்களில் சீழ் கோத்திருந்தது. இனியும் ஈரம் பட்டால் விரல் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும்.

"தினமும் இதைப் போட்டுத்தான் வேலை செய்கிறீர்களா?" ஆங்கிலத்தில் கேட்டார். தமிழில் சொல்ல வேண்டியவன் நான். முதலாளி என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்; மிரட்டவில்லை.

"அக்கா, கைக்கு நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

அக்கா முகம் மலர்ந்து தலையாட்டினார். "நல்லாருக்கு தம்பி. குத்தவே இல்ல."

அந்தத் தலையாட்டலை நான் ஆங்கிலத்தில் 'ஆமாம், தினமும்' ஆக்கினேன். ஜப்பான்காரர் குறித்துக்கொண்டார்.

கார் போனதும் கையுறைகளைத் திரும்ப வாங்கினேன்.

"இந்த வலது கைக்கு மட்டும் ஒண்ணு வச்சுக்கிடுதேன், தம்பி."

"கம்பெனி சாமான், அக்கா."

என் குரல்தான் அது. இன்றைக்கும் எனக்கு அடையாளம் தெரிகிறது.

இரண்டு வாரத்தில் அவருடைய விரல்கள் மடங்காமல் போயின. மடங்காத விரலுக்கு வேலை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அன்று கம்பெனி கேட் வரை அவர்கூடப் போனேன். அவர் நின்றார்.

"அன்னைக்கு அந்தத் தொர என்னதான் கேட்டாரு?"

"கை நல்லாருக்கான்னு கேட்டாரு, அக்கா."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தவருக்குக் கேக்கத் தோணிருக்கு பாரு. நல்லாயிருக்கட்டும். இங்கன ஒருத்தரும் கேக்கலியே, தம்பி."